திருவெம்பாவையும் ஒரு போத்தல் மதுவமும்

1

இந்த மார்கழியில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள், பாலுக்கும் பழப்புளிக் கரைசலுக்கும் நடுவில், ஒரு போத்தல் குடிவந்தது. வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல். அதன் வயிற்றில் ஒரு வெள்ளைத் துண்டை ஒட்டி, மகள் பிரெஞ்சில் எழுதியிருந்தாள்: ‘எறியவேண்டாம். உயிருள்ளது.’

உயிருள்ள எதையும் நாங்கள் அந்தப் பெட்டிக்குள் வைத்துப் பழகியதில்லை. மீனும் நண்டும் ஆட்டிறைச்சியும் உயிர் போன பிறகுதான் அங்கே போகும். ஆகவே ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும்.

என் மகள் தர்சினி டவுன்டவுனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அவளும் எத்தியென் என்கிற கியூபெக் பெடியனும் ஒன்றாக ஒரு வீடெடுத்து இருக்கிறார்கள். ஓய்வு நாட்களில் இரண்டு பேரும் வீட்டிலேயே பியர் காய்ச்சுவார்கள். நீங்கள் நினைக்கிற காய்ச்சல் இல்லை. இங்கே அது சட்டப்படியான பொழுதுபோக்கு, பூந்தோட்டம் வைப்பது மாதிரி. பியர் புளிப்பதற்கு ஈஸ்ட் வேண்டும். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார் ‘மதுவம்’ என்று படிப்பித்தாரே, அதுதான். காய்ச்சுகிற நாளுக்கு முன்பே அதை மோல்ட் என்கிற முளைகட்டிய பார்லி மாக் கரைத்த தண்ணீரில் விட்டுப் பெருக்கி, பிறகு குளிரில் வைத்துவிட வேண்டுமாம். குளிரில் அது அடியில் படிந்து உறங்கும். காய்ச்சுகிற நாளில் எழுப்பி வேலை வாங்கலாம்.

‘அப்பா, எங்கட ஃபிரிட்ஜில இடமில்லை. சனிக்கிழமை வரைக்கும் இதை வைச்சிருப்பீங்களோ?’

அவள் வாசலில் நின்றபடியே கேட்டாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. நான் போத்தலை இரண்டு கையாலும் வாங்கினேன். அவள் கேட்டிருந்தால் பெட்டி முழுவதையும் காலி செய்து கொடுத்திருப்பேன்.

ஏனென்றால் அவள் வீட்டை விட்டுப் போனதிலிருந்து என் மனைவி யோகம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ‘கலியாணம் கட்டாமல் இருக்கிற வீட்டில எனக்கென்ன வேலை?’ என்று ஒரே வசனத்தில் கதையை முடித்துவிட்டாள். தொலைபேசியில் தானாக அழைப்பதும் இல்லை. நான் அழைத்து, கையில் திணித்தால் மட்டும் கதைப்பாள். ‘சாப்பிட்டியோ?’ ‘ஓம் அம்மா.’ ‘என்ன சாப்பிட்டனி?’ அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வார்த்தை வராது. தாயும் மகளும் இப்படியே அந்நியமாகிப் போய்விடுவார்களோ என்ற பயம் எனக்குள் உட்கார்ந்திருந்தது. இந்தப் போத்தல் அந்தப் பயத்தின் நடுவில்தான் வந்து சேர்ந்தது.

2

ஒரு காலத்தில் தர்சினிதான் எங்கள் இரண்டு பேருக்கும் வாய். இப்போது இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக்கு நாங்கள் வந்த புதிதில் அரசாங்க அலுவலகம் எதற்குப் போனாலும் அவளைக் கூட்டிக்கொண்டு போவோம். கவுண்டருக்கு மேலே தலை தெரியாத வயது. உத்தியோகத்தர் எட்டிக் குனிந்து அவளிடம் கேட்பார். அவள் நிமிர்ந்து எங்களிடம் கேட்பாள். என் சம்பளம், யோகத்தின் சத்திரசிகிச்சை, அகதி வழக்கின் நிலைமை எல்லாம் அந்தச் சின்ன வாயால்தான் பிரெஞ்சுக்குப் போயின. ஒரு பிள்ளைக்குத் தெரியக்கூடாத எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் வளர்ந்ததும் தன் விஷயம் எதையும் எங்களிடம் சொல்லாமல் விட்டாளோ என்று சில நேரம் யோசிப்பேன்.

அவள் போன பிறகும் பழுப்பு உறையில் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. அவற்றை ஃபிரிட்ஜுக்கு மேலே சேர்த்து வைப்பேன். உண்மையைச் சொன்னால், துறைமுகக் களஞ்சியத்தில் இத்தனை காலம் பிரெஞ்சுக்காரரோடு பெட்டி ஏற்றி இறக்கியவனுக்கு அதில் பாதியாவது விளங்கும். ஆனாலும் அழைப்பேன். ‘பிள்ளை, இது என்னெண்டு விளங்கேல்லை. ஒருக்கா வந்து பார்.’ அவளும் வருவாள். நின்றபடி வாசித்து, ‘இது சும்மா அறிவித்தல் அப்பா’ என்பாள். யோகம் தேத்தண்ணி போடுவதற்கிடையில் போய்விடுவாள்.

கடைசியில் அதுவும் கெட்டது. ‘போட்டோ எடுத்து அனுப்புங்கோ அப்பா, நான் வாசிச்சுச் சொல்லுறன்’ என்றாள். தொழில்நுட்ப வளர்ச்சியை நான் மனதாரத் திட்டியது அன்றைக்குத்தான்.

3

சனிக்கிழமை பனிப்புயல். காய்ச்சும் நாள் அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போனது. அடுத்த கிழமை எத்தியெனுக்குக் காய்ச்சல். அதற்கடுத்தது நத்தார், கிறிஸ்துமஸ் விடுமுறை. ஒவ்வொரு தடவையும் தர்சினி போத்தலைப் பார்த்துவிட்டுப் போக வந்தாள். முதல் தடவை வாசலோடு போனாள். இரண்டாம் தடவை சப்பாத்தைக் கழற்றினாள். மூன்றாம் தடவை குசினிக் கதிரையில் இருந்து இடியப்பம் சாப்பிட்டாள். நான் வானிலை அறிக்கையைப் பார்த்துப் புயலுக்கு வேண்டிக்கொள்ளத் தொடங்கினேன்.

அந்தப் போத்தலைப் பற்றிச் சொல்லவேண்டும். வந்த அன்று அது கஞ்சி மாதிரிக் கலங்கலாக இருந்தது. அடுத்த நாள் மேலே கொஞ்சம் தெளிந்தது. பிறகு பார்த்தால் மேற்பகுதி பளிங்கு போல, அடியில் மட்டும் பால்நிறத்தில் ஒரு படை. விரலளவு உயரம்தான். நான் வேலைக்குப் போகுமுன் ஃபிரிட்ஜைத் திறந்து, தொலைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்ப்பேன்.

‘அதுக்குள்ள எத்தினை இருக்கும்?’ என்று மகளிடம் கேட்டேன்.

‘உலகத்தில இருக்கிற ஆக்களை விட கூட அப்பா. எல்லாம் நித்திரை.’

நான் பெட்டியின் கதவை மெதுவாகச் சாத்தினேன். சிரிக்காதீர்கள். அத்தனை உயிர் உறங்குகிற இடத்தில் கதவை அடித்துச் சாத்த மனம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம், குளிர் என்றதும் சண்டை சச்சரவில்லாமல் வேலையை நிறுத்தி, அடியில் போய்ப் படுத்துவிடுகிறது. சாகவும் இல்லை, வளரவும் இல்லை. அழைக்கும் வரைக்கும் காத்திருக்கிறது. இதை யார் அதற்குச் சொல்லிக் கொடுத்தது? எனக்கு இன்றுவரை அந்தப் பிரமிப்பு அடங்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நான் வளர்ந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே கிடையாது. சண்டைக் காலம். ஐஸ் என்றால் இன்னொரு நாட்டுச் சாமான். மிஞ்சினதை உப்பிடுவோம், காய வைப்போம், சுட வைப்போம். எதையும் உயிரோடு நிறுத்தி வைக்க எங்களுக்குத் தெரியாது. ஒன்றில் அன்றைக்கே தின்று முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் பழுதாகும். நாளைக்கென்று ஒரு உயிரைப் பத்திரமாக வைக்கலாம் என்பதே எனக்குப் புதிது.

யோகத்துக்குப் பிரமிப்பெல்லாம் இல்லை. ‘சாராயச் சாமான்’ என்று முகத்தைத் திருப்புவாள்.

‘உம்மட கொம்மா அப்பத்துக்குக் கள்ளு விட்டுத்தானே மாக் கரைச்சவ? அதுக்குள்ள இருந்ததும் இதுதான்’ என்றேன்.

‘அது அப்பம்’ என்றாள். அதற்கு மேல் வாதமில்லை.

4

நத்தார் முடிய, திருவெம்பாவை தொடங்கிவிட்டது. யோகத்தின் விரதங்களில் இதுதான் கடுமையானது. விடியப்புறம் எழும்பி முழுகி, கோயிலுக்குப் பாலும் மோதகமும் கொண்டுபோவாள். பூசைக்குரிய பால் அந்த ஃபிரிட்ஜில்தான் இருக்கும், போத்தலுக்கு ஒட்டினாற்போல.

ஒரு பின்னேரம் வேலையால் வந்து வழக்கம்போலக் கதவைத் திறந்தேன். நடுத்தட்டில் போத்தல் இல்லை.

‘எங்க அது?’

‘எறியேல்லை’ என்றாள் யோகம், மோதகம் பிடித்தபடி. ‘வெளியில வைச்சனான். விரதத்துக்கு உதை பாலோட வைச்சிருக்கேலுமே?’

வெளியில் என்றால் பின் பால்கனி. இங்கே குளிர்காலத்தில் எங்கள் சனத்துக்கு அது இரண்டாவது ஃபிரிட்ஜ். பிறந்தநாள், திவசம் என்று பெரிய சட்டியில் சமைத்தால் மூடிப் பால்கனியில் வைத்துவிடுவோம். செலவில்லாத குளிர். அந்தப் பழக்கத்தில்தான் அவளும் வைத்திருக்கிறாள். ஆனால் கறி உறைந்தால் சூடாக்கலாம்.

அன்று மூக்கு மயிர் உறைகிற குளிர். கதவைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தேன். போத்தல் முழுதும் ஒரே கட்டி. உள்ளே விரிந்த பனிக்கட்டி மூடியைத் தூக்கித் தலையில் தொப்பி மாதிரி வைத்திருந்தது. ‘உயிருள்ளது’ என்ற துண்டு மட்டும் அப்படியே இருந்தது.

நான் அந்தக் குளிரில் மேற்சட்டையில்லாமல் நின்றேன். பியரைப் பற்றி எனக்கென்ன கவலை? நான் பியரே குடிப்பதில்லை. இனி மகள் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு என்ன சாட்டு என்பதுதான் என் கவலை. போதாக்குறைக்கு அதைக் கொன்றது தாய். இதோடு வாசல்படியும் ஏறமாட்டாள் என்று நினைத்தேன்.

தர்சினிக்கு அழைத்துச் சொன்னேன். ‘ஒண்டும் செய்யாதேங்கோ அப்பா. நான் வாறன்’ என்றாள்.

5

பார்க் மெட்ரோவில் இறங்கி ஓட்டமாக வந்திருக்கவேண்டும், மூச்சு வாங்கியது. யோகம் எழும்பவில்லை. கையில் மா காய்ந்துகொண்டிருந்தது.

‘வெளியிலயும் ஃபிரிட்ஜ் மாதிரித்தானே எண்டு நினைச்சன் பிள்ளை’ என்றாள், நிலத்தைப் பார்த்தபடி. யோகம் யாருக்கும் சமாதானம் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தர்சினி போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ‘கடையில புதுசு வாங்கலாம் அம்மா, பெரிய விலை இல்லை. ஆனா இதில எல்லாம் செத்திருக்காது. கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். எழுப்பிப் பாப்பம்.’

‘கடையில வாங்கலாமெண்டால் ஏன் இந்தப் பாடு?’ என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நல்லகாலம்.

முதலில் அது மெல்ல மெல்ல உருகவேண்டுமாம், திரும்பவும் ஃபிரிட்ஜுக்குள் வைத்து. விரதம் இன்னும் முடியவில்லை. தர்சினி தாயைப் பார்த்தாள். யோகம் எழும்பிக் கை கழுவி, பாலை மேல்தட்டுக்கு ஏற்றினாள். ‘கீழ்த் தட்டில வை’ என்றாள்.

உருகி அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, மோல்ட் கரைத்துக் காய்ச்சி ஆற்றிய தண்ணீர் கொஞ்சம் விட்டாள். இனி இளஞ்சூடான இடம் வேண்டும். அந்த வீட்டில் குளிர்காலத்தில் நல்ல சூடான இடம் எதுவென்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. வீட்டு நடைவழியில் கோட்டு மாட்டுவதற்கென்று கட்டிய அலுமாரி. அதன் அடியில் சுடுதண்ணீர்த் தாங்கி. அதற்கு மேலே பலகையடித்து யோகம் சாமிப் படங்களை வைத்திருக்கிறாள்.

அன்று விடியவே திருவாதிரையோடு விரதம் முடிந்திருந்தது. யோகம் திரைச்சீலையை விலக்கினாள். ‘சாமித் தட்டுக்குக் கீழ வை. தாங்கிக்குப் பக்கத்தில.’ கொஞ்சம் பொறுத்து, ‘உயிர்தானே’ என்றாள்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. வேலை முடிய தர்சினி நேரே எங்களிடம் வருவாள். தாயும் மகளும் அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்து போத்தலைப் பார்ப்பார்கள். முதலில் போத்தலைப் பற்றிக் கதைத்தார்கள். பார்க்க அதில் ஒன்றுமில்லாததால் வேறு கதையும் வரத் தொடங்கியது. அலுவலகக் கதை. அவளுடைய முதுகுவலி. எத்தியெனுக்கு உறைப்பு ஒத்துக்கொள்வதில்லை என்ற கதை. ‘பாலப்பம் குடுத்துப் பாக்கலாமே’ என்று யோகம் சொன்னது என் காதில் விழுந்தது. தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டேன். புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சாப்பிட்டுத்தான் மகள் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் விடிய, விளக்கேற்றப் போன யோகம் என்னைக் கூப்பிட்டாள். ‘இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ.’

குந்திப் பார்த்தேன். விளக்கு வெளிச்சம் போத்தலில் விழுந்திருந்தது. அடியிலிருந்து கடுகளவு ஒரு குமிழி, கண்ணாடியை ஒட்டியபடி மேலே வந்து உடைந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

ஒரு பகல் முழுக்க அந்தக் குளிரில் கல்லாகிக் கிடந்ததற்குள் யாரோ சிலர் பிழைத்திருக்கிறார்கள். பிழைத்தவர்கள் கண் விழித்ததும் செய்த முதல் வேலை, சாப்பிட்டுவிட்டுப் பெருகியது. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆக்கள் எதைக் கண்டாலும் அதில் தங்களைத்தான் பார்ப்பார்கள் என்று தர்சினி பகிடி பண்ணுவாள். அன்று எனக்கு என் நினைவே வரவில்லை. அந்தக் குமிழியைத்தான் பார்த்தேன். சாமிப் படங்களும் மேலேயிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

யோகம் என் சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தாள். இலக்கத்தைத் தானே தேடி அழுத்தினாள். மகள் வீட்டை விட்டுப் போன பிறகு அவளாக எடுத்த முதல் அழைப்பு அது.

‘பிள்ளை, உன்ர போத்தல் மூச்சு விடுது. வா, வந்து பார்.’

6

பெருகி முடிந்ததும் மறுபடி ஃபிரிட்ஜ். இந்தத் தடவை பாலுக்குப் பக்கத்திலேயே வைத்தாள் யோகம். சனிக்கிழமை காய்ச்சுவது என்று முடிவானது. வானம் வெளித்திருந்தது, புயலுக்கான அறிகுறி இல்லை.

‘நீங்கள் காரில கொண்டுவந்து தருவீங்களோ அப்பா?’ என்று கேட்டாள் தர்சினி.

‘அவர் பிரேக் போட்டால் கவிழும்’ என்றாள் யோகம். ‘நான் மடியில வைச்சுக்கொண்டு வாறன்.’

நானும் மகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டோம்.

அவர்கள் வீடு துறைமுகத்துக்குக் கிட்ட, கிழக்குப் பக்கம், மூன்றாம் மாடி. யோகம் போத்தலைத் துவாயில் சுற்றிக் குளிர்க்கோட்டுக்குள் அணைத்து வந்தாள். வெளிப்படியெல்லாம் பனி இறுகிக் கிடந்தது. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்தபடி ஏறினாள். நண்டுக்கறிப் பெட்டியோடு நான் பின்னால். உறைப்புக் குறைத்த பால்கறி தனிப் பெட்டியில் இருந்தது. யாருக்கென்று நான் கேட்கவில்லை.

கதவைத் திறந்த எத்தியென் நெட்டையன். ‘வணக்கம்’ என்றான், பாடமாக்கியது தெரிந்தது. யோகத்துக்குப் பிரெஞ்சு தெரியும், ஆனால் அவள் கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமையல் வேலை செய்பவள். அவளுடைய பிரெஞ்சு முழுதும் மூன்று வயதுப் பிள்ளைகளோடு பேசிப் பழகியது. வீட்டுக்குள் வந்ததும் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினாயா என்று கேட்டாள். அந்த ஆறடி மனிதன் பேசாமல் போய்க் கை கழுவிக்கொண்டு வந்து காட்டினான். நல்ல பிள்ளை என்றாள், அதுவும் பிரெஞ்சில்.

அடுப்பில் பெரிய பானையில் பார்லி வெந்துகொண்டிருந்தது. ‘நெல் அவிக்கிற வாசம்’ என்றாள் யோகம், மூக்கை இழுத்து. வந்த இடத்தில் அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

பிறகு நண்டுக்கறியை வைப்பதற்காக அவர்களின் ஃபிரிட்ஜைத் திறந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். இரட்டைக் கதவுப் பெட்டி, எங்களுடையதை விடப் பெரியது. உள்ளே ஒரு துண்டு சீஸ், கடுகுப் போத்தல், பாதி முட்டைக்கோவா. மற்றத் தட்டெல்லாம் வெறுமையாக, வெளிச்சம் போட்டபடி இருந்தன.

யோகம் கதவைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றாள். ஃபிரிட்ஜுக்கு மேலே நான் சேர்த்து வைத்த பழுப்பு உறைகள் என் நினைவுக்கு வந்தன. விளங்காத கடிதங்கள் என்னிடம் இருந்தன, இடமில்லாத ஃபிரிட்ஜ் என் மகளிடம் இருந்திருக்கிறது. யோகம் கறிப்பெட்டியை நடுத்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

பின்னேரம் வரைக்கும் வேலை நடந்தது. எத்தியென் பால்கறியை வழித்துச் சாப்பிட்டான். பானை ஆறியதும் தர்சினி போத்தலின் தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, அடியிலிருந்த படையைக் கலக்கி, பார்லிச் சாறு ஊற்றியிருந்த பெரிய வாளிக்குள் சாய்த்தாள். நாலு பேரும் சுற்றி நின்று மூச்சுவிடாமல் பார்த்தோம். அத்தனை பேரும் போய் விழுந்த சத்தம் ஒரு கரண்டி பால் ஊற்றிய சத்தம்தான்.

அவள் முழுவதையும் ஊற்றவில்லை. கடைசிக் கொஞ்சத்தை ஒரு சின்னப் போத்தலுக்குள் எடுத்து மூடினாள். அடுத்த தடவைக்கு வேண்டுமாம்.

யோகம் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். ‘உதை எங்க வைக்கப்போறாய்?’ என்று கேட்டாள்.

தர்சினி ஃபிரிட்ஜைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

‘இஞ்ச இடமில்லை அம்மா.’

‘ஓம்’ என்றாள் யோகம். ‘நானும் பாத்தனான். இடமில்லைத்தான். இஞ்ச தா.’

கையை நீட்டி வாங்கி, துவாயில் சுற்றி, கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். வீடு வரும்வரைக்கும் அது அவள் மடியில்தான் இருந்தது.